பாதி விலைப் பந்து: மீதிப் பாதி எங்கே போனது?

கொல்ஃப் ஆட்டத்துக்கும் பழைய சோனகத் தெருவில் ஹாட்வெயார் வியாபாரம் செய்பவனுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக் கூடும். நியாயமான கேள்விதான். நான் அந்த மட்டையைக் கையால் தொட்டதும் இல்லை. களனிவெளி ரயிலில் போகும்போது பொரளைப் பக்கம் றோயல் கொழும்பு கொல்ஃப் கழகத்தின் புல்வெளிக்கு நடுவாகத் தண்டவாளம் போகும். வெள்ளைக்காரர்கள் 1879இல் தொடங்கிய கழகம் அது. ஜன்னலால் எட்டிப் பார்த்ததோடு எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவு முடிந்தது.

என் சாச்சாவின் மகன் அமெரிக்காவில் கணக்காளராக இருக்கிறார். அண்மையில் குடும்பத்தில் ஒரு கலியாணத்துக்கு வந்தவர், நுவரெலியாவில் விளையாடப் போகிறேன் என்று இரண்டு பெட்டி பந்து கொண்டு வந்திருந்தார். ஒரு பெட்டியில் உலகம் முழுவதும் தெரிந்த பெயர். மற்றதில் ஒரு சுப்பர் மார்க்கெட்டின் பெயர். "நானா, இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிகிறதா?" என்றார். தெரியவில்லை. பெயர் பெற்ற பந்தில் ஒரு டஜன் வாங்கும் காசுக்கு மற்றதில் இரண்டு டஜனுக்கு மேல் வாங்கலாம் என்று அவர் சொன்னபோதுதான் எனக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். பந்து ஒன்றுதான் என்றால் விலையில் மீதிப் பாதி எங்கே போனது? யாருடைய கைக்குப் போனது? அந்தக் கை நம்முடைய கையாக இருந்தால் நாளைக்கு நம் கதி என்ன?

அன்று தொடங்கி இது பற்றித் தேடித் தேடி வாசித்தேன். வாசித்ததில் நம் வியாபாரிகளுக்கு உதவும் என்று பட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தச் சரக்கின் விலையையும் அந்தச் சரக்கைத் தெரியாமல் பேச முடியாது. கொல்ஃப் பந்தின் நடுவில் செயற்கை றப்பர் உருண்டை இருக்கும். அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ படை. எல்லாவற்றுக்கும் வெளியே குழிகள் நிறைந்த ஓடு. மலிவான பந்துகளுக்குப் பெரும்பாலும் அயனோமர் என்ற கடினமான பிளாஸ்டிக் ஓடு போடுவார்கள். டியுபொண்ட் கொம்பனி 'சர்லின்' என்ற பெயரில் விற்ற பொருள் அதுதான். விலை கூடிய பந்துகளுக்கு யூரித்தேன் ஓடு. யூரித்தேன் மென்மையானது. குழிக்கு அருகிலிருந்து அடிக்கும்போது பந்து நன்றாகச் சுழன்று, ஓடாமல் நிற்கும். நன்றாக விளையாடுபவர்கள் காசு கொடுப்பது இந்தச் சுழற்சிக்குத்தான். யூரித்தேன் ஓட்டைப் போடுவது கஷ்டமான வேலை, செலவும் கூட.

அடுத்தது சட்டம். பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது. விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. வேகத்துக்கும் தூரத்துக்கும் எல்லை உண்டு. அமெரிக்க கொல்ஃப் சங்கமும் பிரித்தானியாவின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் பந்துகளைச் சோதித்து, விதிக்கு உட்பட்டவற்றின் பட்டியலைத் தொடர்ந்து வெளியிடுகின்றன. இந்தப் பட்டியல் புதிய கொம்பனிக்குப் பெரிய வரம். பெயர் தெரியாத பந்தாக இருந்தாலும் பட்டியலில் இருந்தால் போட்டியில் அடிக்கலாம். நமது எஸ்.எல்.எஸ். முத்திரையோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பந்து விதியை மீறவில்லை என்று மட்டுமே அந்தப் பட்டியல் சொல்லும். நல்ல பந்து என்று சொல்லாது. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விஷயம்தான் வியாபாரியின் கண்ணுக்கு முதலில் படும். இந்தப் பந்து தொலைந்து போகும் சரக்கு. மட்டை வாங்கினால் பல வருடம் வரும். பந்து குளத்தில் விழும், காட்டுக்குள் போகும். கைப்பழக்கம் குறைந்தவர் ஓர் ஆட்டத்திலேயே மூன்று நான்கைத் தொலைத்து விடுவார். ஆகவே வாங்கியவர் திரும்பவும் வாங்கியே ஆக வேண்டும். அதிகம் தொலைப்பவர் சாதாரண ஆட்டக்காரர், முழு விலை கொடுப்பவரும் அவரே. தொலைக்காட்சியில் தெரியும் வீரருக்குப் பந்து இலவசம், அதை அடிப்பதற்குக் காசும் கொடுப்பார்கள். அந்தக் காசு வேறெங்கிருந்தும் வருவதில்லை, சாதாரண ஆட்டக்காரர் வாங்கும் டஜனில் இருந்துதான் வருகிறது.

பெரிய பெயர் எப்படிப் பெரிய பெயரானது என்பதையும் சொல்லாமல் விடுவது அநியாயம். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் பில் யங் என்பவர் றப்பர் தொழில் செய்து வந்தார். 1930களின் தொடக்கத்தில் ஒரு நாள் நன்றாக அடித்த பந்து குழிக்குள் போகாமல் விலகிப் போனது. பந்தில்தான் பிழை என்று அவருக்குச் சந்தேகம். கூட விளையாடிய நண்பர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பகுதிக்குப் பொறுப்பானவர். பந்தை அங்கே கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் நடு உருண்டை நடுவில் இல்லை. அந்தக் குறை இல்லாத பந்தைச் செய்வேன் என்று இறங்கி 1935இல் சந்தைக்குக் கொண்டு வந்ததே டைட்டிலிஸ்ட். கொம்பனியின் பெயர் அகுஷ்நெட். அந்தப் பந்தை ஆரம்பத்தில் கண்ட கண்ட கடைகளுக்கு அவர்கள் கொடுக்கவில்லை. கொல்ஃப் மைதானங்களில் பயிற்றுநர்கள் நடத்தும் கடைகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பயிற்றுநர் சொன்னால் ஆட்டக்காரர் கேட்பார். அதாவது இன்று எல்லோரும் வெட்டி எறியப் பார்க்கும் அந்த இடைத்தரகர்தான் டைட்டிலிஸ்டைத் தூக்கி நிறுத்தியவர்.

2000ஆம் ஆண்டின் இறுதியில் அதே கொம்பனி 'புரோ வீ1' என்ற பந்தை இறக்கியது. கெட்டியான நடு உருண்டை, யூரித்தேன் ஓடு. றப்பர் நூல் சுற்றிய பழைய வகைப் பந்துகள் கொஞ்சக் காலத்திலேயே காணாமல் போயின. 2016இல் அமெரிக்கக் கடைகளில் அதன் விலை டஜனுக்குச் சுமார் 48 டொலர். ஒரு பந்து 4 டொலர். அந்த ஆண்டில் அகுஷ்நெட் பந்து விற்று மட்டும் எடுத்த வருமானம் 50 கோடி டொலருக்கு மேல்.

இவ்வளவு பெரிய மலைக்கு முன்னால் சின்ன மனிதர்கள் கடை விரித்தார்கள்.

2012இல் ஜேர்மனியின் மியூனிச் நகரில் இரண்டு பேர் 'வைஸ்' என்ற பெயரில் பந்து விற்கத் தொடங்கினார்கள். கடைக்குச் சரக்குக் கொடுப்பதில்லை, இணையத்தளத்தில் மட்டும் விற்பனை. ஒரு டஜன் வாங்கினால் ஒரு விலை, கூட வாங்கினால் டஜனுக்குக் குறையும். நம் மொத்த வியாபாரக் கணக்கை அப்படியே பாவனையாளரிடம் கொண்டுபோய் வைத்தார்கள். 2015இல் அமெரிக்காவில் டீன் ஸ்னெல் என்பவர் தன் பெயரிலேயே கொம்பனி தொடங்கினார். இவர் முன்பு அகுஷ்நெட்டில் வேலை பார்த்தவர். புரோ வீ1 பந்தின் காப்புரிமைகளில் பெயர் உள்ளவர்களில் ஒருவர். பின்னர் டெய்லர்மேட் கொம்பனியில் பதினெட்டு ஆண்டுகள் பந்து வடிவமைத்தவர். யூரித்தேன் ஓடு போட்ட அவருடைய பந்து டஜன் 30 டொலரைச் சுற்றி விற்றது. வீரர்களுக்குக் காசு கொடுப்பதில்லை, தொலைக்காட்சி விளம்பரம் இல்லை, கடைக்காரரின் லாபம் இல்லை. பந்தில் எதையும் குறைக்கவில்லை, பந்தைச் சுற்றி இருந்தவற்றைக் குறைத்தேன் என்பதே அவருடைய வியாபாரம்.

இவர்களிடம் சொந்தத் தொழிற்சாலை இல்லை. தென் கொரியாவிலும் தைவானிலும் பந்து செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் ஏற்கெனவே இருந்தன. பெரிய கொம்பனிகள் சிலவும் அங்கேதான் செய்வித்தன. தொழிற்சாலைக்கு இயந்திரம் சும்மா நிற்காமல் ஓட வேண்டும், யாருடைய பெயரை அச்சடித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். புதியவர்களுக்குத் தேவைப்பட்டது நல்ல வரைவு, ஒரு பெயர், கொஞ்ச முதல். அத்தோடு பழைய காப்புரிமைகளுக்கு வயதாகிக்கொண்டு வந்தது. காப்புரிமை என்பது விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுதான். 1990களின் நடுப்பகுதியில் எடுத்தவை 2010களின் நடுப்பகுதியில் முடிய வேண்டியவை.

சரக்கின் குணமும் இவர்களுக்குத் துணை நின்றது. ஒரு டஜன் பந்தின் எடை 550 கிராம் அளவுதான். உடையாது, பழுதாகாது, சைஸ் பிரச்சினை இல்லை. சப்பாத்து இணையத்தில் விற்பவரைக் கேட்டுப் பாருங்கள், போட்டுப் பார்த்துச் சரிவரவில்லை என்று எத்தனை சோடி திரும்பி வருகிறதென்று. பந்து அப்படித் திரும்பி வராது. தபாலில் அனுப்புவதற்கென்றே பிறந்த சரக்கு. நேரடியாக விற்கலாம் என்று நினைக்கும் எந்தச் சரக்கையும் முதலில் இந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் விற்கும் சீமெந்தும் கம்பியும் இப்படிப் போகாது. தண்ணீர் டெப் போகும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

2016இல் கொஸ்ட்கோ உள்ளே வந்தது. அமெரிக்காவில் உறுப்பினர்களுக்கு மட்டும் மொத்த விலையில் விற்கும் மிகப் பெரிய கடை அது. 'கேர்க்லண்ட் சிக்னேச்சர்' என்ற தன் சொந்தப் பெயரில் நான்கு படை யூரித்தேன் பந்தை இறக்கியது. இரண்டு டஜன் 29.99 டொலர். பந்து ஒன்று 1.25 டொலர். விளையாடிப் பார்த்தவர்கள் 4 டொலர் பந்துக்கு அருகில் இருக்கிறது என்று சொல்லத் தொடங்க, சில வாரங்களில் கடை காலி. கிடைத்தவர்கள் அதை இணையத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் விலை வைத்து விற்றார்கள். மலிவு விலைப் பந்துக்குக் கறுப்புச் சந்தை வந்த வேடிக்கையை நான் இதில்தான் கண்டேன்.

கொஸ்ட்கோவால் எப்படி இந்த விலைக்கு முடிந்தது? இதை நம்மவர்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். கொஸ்ட்கோ தன் சரக்கின் மீது வைக்கும் லாபத்துக்கு எல்லை போட்டிருக்கிறது. மற்றவர்களின் பிராண்டுக்குச் சுமார் 14 வீதம், சொந்தப் பெயருக்கு 15 வீதம். அதற்கு மேல் வைப்பதில்லை. கொம்பனியின் லாபத்தில் பெரும் பங்கு உறுப்பினர்கள் வருடா வருடம் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. ஆகவே பந்தில் அவர்கள் லாபம் தேடவில்லை. "இந்தக் கடையில் உறுப்பினராக இருப்பது லாபம்" என்று ஆட்களை நம்ப வைக்கவே பந்தை வைத்தார்கள். இப்படிப்பட்ட ஒருவரோடு விலையில் போட்டி போடக் கூடாது. அவர் விற்பது வேறு சரக்கு, நீங்கள் விற்பது வேறு சரக்கு. எங்கள் தெருவில் பக்கத்துக் கடைக்காரர் அடக்க விலைக்கும் கீழே கொடுக்கிறார் என்று தானும் கீழே இறங்கி, பிறகு கடையைப் பூட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரருக்கு லாபம் வேறெங்கோ இருந்தது.

அகுஷ்நெட் சும்மா இருக்கவில்லை. தன்னுடைய 11 காப்புரிமைகளை மீறுகிறீர்கள் என்றும், முன்னணிப் பிராண்டுகளின் தரத்துக்குச் சமம் அல்லது மேல் என்று கேர்க்லண்ட் பொருட்களுக்குச் சொல்லும் உத்தரவாதம் பொய் விளம்பரம் என்றும் கொஸ்ட்கோவுக்குக் கடிதம் அனுப்பியது. கொஸ்ட்கோ பயந்து பந்தை எடுத்து விடவில்லை. 2017 மார்ச்சில் தானே முந்திக்கொண்டு சியாட்டில் நீதிமன்றத்துக்குப் போய், நான் எதையும் மீறவில்லை என்று தீர்ப்புச் சொல்லுங்கள் என்று கேட்டது. அதே ஆண்டு அகுஷ்நெட் எதிர் வழக்குப் போட்டது. 2018இல் இரண்டு பக்கமும் சமரசமாகி வழக்கு முடிந்தது. நிபந்தனைகள் வெளியே வரவில்லை. இந்தத் தொழிலில் காப்புரிமைச் சண்டை புதிதல்ல. புரோ வீ1 பந்தே பிறரின் காப்புரிமையை மீறியது என்று 2006இல் கெலவே கொம்பனி வழக்குப் போட்டிருந்தது. முதல் ஜூரி கெலவேயின் பக்கம் சாய்ந்தது. மேன்முறையீட்டுக்குப் பிறகு 2010இல் வந்த இரண்டாவது ஜூரி அந்தக் காப்புரிமைகள் செல்லாது என்று சொல்லி விட்டது. இன்று காவல்காரனாக நிற்பவன் நேற்றுக் குற்றவாளிக் கூண்டில் நின்றவன். ஆனால் சின்ன முதலாளிக்கு நீதிமன்றம் போக வக்கீல் காசு எங்கே? கொஸ்ட்கோ எதிர்த்து நிற்கலாம். ஒரு கடிதம் வந்தாலே கடையைச் சுருட்டிக்கொள்பவர்கள்தான் உலகத்தில் அதிகம். வேறொருவரின் வடிவத்தைப் பார்த்துச் செய்வித்து இறக்குமதி செய்யும் நம் சகோதரர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன்.

மலிவுக் கொடி எல்லா இடத்திலும் பறக்கிறது என்று நினைத்து விடாதீர்கள். கொஸ்ட்கோவின் முதல் பந்து முடிந்த பிறகு அதே பந்து அதே மாதிரித் தொடர்ந்து கிடைக்கவில்லை. பிறகு வந்த கேர்க்லண்ட் பந்துகளில் பல மூன்று படை, வேறு வடிவம். பெட்டியில் பெயர் அதேதான், உள்ளே சரக்கு வேறு. முதல் பந்தை நம்பித் திரும்பி வந்தவர் கேட்கும் கேள்வி, இது அதுதானா? சொந்தத் தொழிற்சாலை இல்லாதவரால் இந்தக் கேள்விக்குத் துணிந்து பதில் சொல்ல முடியாது. முதல் கேர்க்லண்ட் பந்து நாசோ என்ற தென் கொரியத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. டெய்லர்மேட் பந்துகளையும் அவர்கள் செய்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு டெய்லர்மேட் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டது. நீங்கள் சரக்குச் செய்விக்கும் இடத்தை உங்கள் போட்டியாளர் வாங்கி விட்டால் என்ன செய்வீர்கள்? பந்துக் கொம்பனிகள் வேறு தொழிற்சாலை தேடிப் போக வேண்டும். போனால் சரக்கு மாறும்.

இன்னொரு செலவும் இருக்கிறது. கடைக்காரரை வெட்டினால் அவருடைய லாபம் முழுவதும் பெட்டிக்குள் வந்து விடும் என்பது கணக்குத் தெரியாதவர் பேச்சு. கடைக்காரர் செய்த வேலையை யாராவது செய்யத்தான் வேண்டும். அவர் சரக்கை ராக்கையில் அடுக்கி, வந்தவரிடம் பேசி, பழுதை மாற்றிக் கொடுத்தார். அவர் இல்லாவிட்டால் இணையத்தில் விளம்பரத்துக்குக் கொடுக்க வேண்டும், பொதி செய்பவருக்குக் கொடுக்க வேண்டும், கூரியருக்குக் கொடுக்க வேண்டும். கடை வாடகைக்குப் பதிலாக விளம்பர வாடகை. ஆட்கள் கூடக் கூட அந்த வாடகையும் ஏறும். நேரடி விற்பனையில் மிச்சம் உண்மைதான், ஆனால் ஆரம்பத்தில் கடதாசியில் போட்ட கணக்கின் அளவுக்கு அது வராது.

டைட்டிலிஸ்ட் விழுந்ததா என்றால், இல்லை. 2020இல் கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் கொல்ஃப் விளையாடுபவர்கள் பெருகினார்கள். அகுஷ்நெட்டின் பந்து வருமானம் 2023இல் 70 கோடி டொலரைத் தாண்டியது. விலையையும் அவர்கள் குறைக்கவில்லை, கூட்டினார்கள். மலிவுப் பந்துகளும் வளர்ந்தன, விலை கூடிய பந்தும் வளர்ந்தது. பிறகு அடி யாருக்கு? என் அபிப்பிராயம், நடுவில் இருந்தவர்களுக்கு. பெரிய பெயரும் இல்லாமல், சின்ன விலையும் இல்லாமல், "நானும் ஒரு பந்து" என்று ராக்கையில் இருந்த பந்துக்கு. அதை வாங்க ஆட்டக்காரருக்குக் காரணம் இல்லாமல் போனது.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன்.

நான் ஒரு வெளிநாட்டு டெப் கொம்பனிக்குப் பதினொரு வருடம் உப முகவராக இருந்தேன். பெயர் வேண்டாம். மட்டக்களப்பு, கல்முனை, அக்குறணை, புத்தளம் என்று சின்னக் கடைகளுக்கு அந்தச் சரக்கைக் கடனுக்குக் கொடுத்து, தெரியாத பெயரைத் தெரிந்த பெயராக்கியவன் நான். ஒரு நாள் கொம்பனி கொழும்பில் தன் சொந்தக் காட்சியறையைத் திறந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, போய் கேக் சாப்பிட்டு விட்டு வந்தேன். அடுத்த வருடம் இணையத்தில் விற்கத் தொடங்கினார்கள். ஒரு காலை, எங்களிடம் பல வருடம் வாங்கிய ஒரு வாடிக்கையாளர் என் மேசைக்கு முன்னால் நின்று போனைத் திருப்பிக் காட்டினார். கொம்பனி அவருக்குக் கேட்கும் விலை, எனக்குத் தரும் விலையை விட 40 ரூபா குறைவு. அவர் கோபப்படவில்லை, பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

பிறகு ரோஷத்தில், நானே என் பெயரில் செய்விப்பேன் என்று சீனாவுக்குப் போனேன். முதல் கொண்டெய்னர் நல்ல சரக்கு, அல்ஹம்துலில்லாஹ். சந்தையில் பெயரும் எடுத்தது. இரண்டாவது கொண்டெய்னரில் வந்த டெப்கள் மூன்று மாதத்தில் சொட்டத் தொடங்கின. பெட்டி அதே பெட்டி, அச்சு அதே அச்சு. தொழிற்சாலைக்காரர் வேலையை வேறு பட்டறைக்குக் கை மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பது பின்னர்தான் தெரிந்தது. 600க்கு மேற்பட்ட டெப்களைத் திருப்பி எடுத்தேன். காசையும் கொடுத்தேன். குறையை மறைத்து விற்ற காசில் பரக்கத் இல்லை என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மூன்று மாதம் என் வீட்டில் யாரும் நன்றாகத் தூங்கவில்லை. கேர்க்லண்ட் பந்து பற்றி வாசித்தபோது எனக்குச் சுருக்கென்று குத்திய இடம் இதுதான். முதல் சரக்கு சம்பாதித்துத் தந்த பெயரை இரண்டாவது சரக்கு செலவழித்து விடுகிறது.

இந்த இடத்தில் மார்க்க விஷயம் ஒன்றையும் தொட்டுப் போகிறேன். ஊருக்குச் சரக்குக் கொண்டு வரும் வணிகக் கூட்டத்தை, அவர்களுக்குச் சந்தை விலை தெரியும் முன் வழியிலேயே போய்ச் சந்தித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஹதீஸ்களில் வருகிறது. நகரவாசி கிராமவாசிக்காக நின்று விற்றுக் கொடுப்பதற்கும் தடை வந்திருக்கிறது. பொதுவாகத் தரகுக் கூலி ஆகுமானதே. இந்தத் தடைகளின் எல்லை எது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் வியாபாரியாக விளங்கிக்கொண்டது வேறு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விலை தெரியாததால் மட்டும் வரும் லாபம் எப்போதுமே பலவீனமான லாபம். அந்தக் காலத்தில் கூட்டம் சந்தைக்கு வந்து சேர்ந்ததும் விலை தெரிந்து விடும். இன்றைக்கு என் மேசைக்கு முன்னால் நின்று போனைத் திருப்பினாலே தெரிந்து விடுகிறது.

ஆகவே நான் என்னிடமே கேட்டுப் பார்த்தேன்: நான் எடுக்கும் லாபத்துக்கு வாங்குபவருக்கு என்ன கொடுக்கிறேன்? நேர்மையாகச் சொன்னால், டெப் விஷயத்தில் கொழும்பு வாடிக்கையாளருக்கு நான் ஒன்றும் கொடுக்கவில்லை. பெட்டியை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அந்த வியாபாரம் போனதில் முறைப்பாடு சொல்ல எனக்கு உரிமை குறைவு. கல்முனைக் கடைக்காரருக்கு 45 நாள் கடன் கொடுத்தேன். வெள்ளத்தில் அவருடைய கடை நனைந்தபோது தவணையைத் தள்ளினேன். காட்சியறை அதைக் கொடுக்காது, இணையத்தளமும் கொடுக்காது. அவர் இன்றும் என்னிடம்தான் வாங்குகிறார். குழாய் பொருத்தும் பாஸ்மாருக்கு உதிரிப் பாகம் கொடுக்கிறேன். டெப்பின் உள்ளே இருக்கும் சின்ன வால்வு பழுதானால் முழு டெப்பையும் எறியாமல் மாற்றிக்கொள்ளலாம். அந்த வால்வில் எனக்கு வரும் லாபம், ரூபாவுக்கு ரூபா பார்த்தால், டெப்பில் வந்ததை விடக் கூட. பல வருடம் அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டுக் கவனிக்காமல் வைத்திருந்தவனும் நானே.

நம் தெருவில் பலர் வேறு பக்கமாக யோசிக்கிறார்கள். நாமும் இணையத்தில் போடுவோம், கொம்பனியை விட 10 ரூபா குறைத்துப் போடுவோம் என்கிறார்கள். போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. என் மகனும் போட்டிருக்கிறார். ஆனால் வைஸ், ஸ்னெல் போன்றவர்கள் பந்தை மலிவாக விற்றதோடு இன்னொன்றையும் வைத்துக்கொண்டார்கள், வாங்கியவரின் பெயர். யார் வாங்கினார், எத்தனை டஜன், அடுத்தது எப்போது தேவைப்படும் என்பது அவர்களிடம் இருந்தது. கடைக்கு விற்ற பெரிய கொம்பனிக்கு அது தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும், ஆனால் அவர் எழுதி வைப்பதில்லை. எங்கள் கடையில் முப்பது வருடமாக விற்கிறோம். கடன் வாங்கியவரின் பெயர் மட்டும் புத்தகத்தில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவரின் பெயர் ஒன்று கூட இல்லை. கடன் வைத்தவரை ஞாபகம் வைத்தோம், காசு தந்தவரை மறந்தோம்.

நோன்புக்கு முன்னால் மகனிடம் ஒரு கொப்பி வாங்கித் தரச் சொன்னேன். "வாப்பா, இதெல்லாம் போனில் போடலாம்" என்று சிரித்தார். அவர் போனில் போடுகிறார், நான் கொப்பியில் எழுதுகிறேன். கடைக்கு வரும் ஒவ்வொரு குழாய் பாஸின் பெயர், ஊர், எந்த வேலைக்கு எந்தப் பாகம் வாங்கினார் என்பது. இதுவரை 212 பேர். அதில் வத்தளைப் பக்கம் வேலை செய்யும் ஒருவர் போன வாரம் வந்து, நான் திருப்பி எடுக்காமல் விட்ட அந்த இரண்டாவது கொண்டெய்னர் டெப்கள் ஒன்பது இன்னும் ஒரு தொடர்மாடியில் சொட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒன்பது வால்வையும் காசில்லாமல் கொடுத்தனுப்பினேன். பாஸின் கூலியையும் நானே கொடுத்தேன். கொப்பியில் அவருடைய பெயருக்கு நேரே மகன் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்.